ரூட் கணக்குகள்: முதலில் சுருக்குங்கள், அப்புறம் கூட்டுங்கள்

√12 + √27 எவ்வளவு என்று கேட்டால் √39 என்று எழுதுபவர்கள் ஏராளம். "ரெண்டும் வேற வேற ரூட், கூட்டவே முடியாது" என்று அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. விடை 5√3. இந்த ஒரு கணக்கு ஏன் இப்படி வருகிறது என்று தெளிவாகப் புரிந்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பில் முறுடுகள் (√2, √3 போல முழு எண்ணாகவோ பின்னமாகவோ முடியாத ரூட்டுகள்) என்ற பெயரில் வரும் பாடத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அதற்கு மேலே வரும் இருபடிச் சமன்பாடு, முக்கோணவியல், ஆயத்தொலைவு வடிவியல் எல்லாமே உங்களுக்கு இது தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கும். அதனால் இங்கே கொஞ்ச நேரம் நின்று போவது நல்லது.

வர்க்கமூலத்தைப் பேச்சில் நாம் ரூட் என்றே சொல்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்லப் போகிறேன்.

கையில் ஒரு பென்சிலும் கட்டம் போட்ட தாளும் இருக்கட்டும். கால்குலேட்டர் சரிபார்க்க மட்டும்.

ரூட் குறி என்ன சொல்கிறது

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 9 வரும்? 3. ஆகவே √9 = 3. −3ஐ −3ஆல் பெருக்கினாலும் 9தான் வரும், உண்மைதான். ஆனால் √ என்ற குறி எதிர்மறை அல்லாத விடையை மட்டுமே குறிக்கும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். "எந்த எண்ணின் வர்க்கம் 9?" என்ற கேள்விக்கு 3, −3 என்று இரண்டு விடைகள். "√9 எவ்வளவு?" என்ற கேள்விக்கு 3 மட்டும். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

√2 இப்படி அழகாக முடியாது. 1.41421356... என்று முடிவில்லாமல், திரும்பத் திரும்ப வரும் வட்டமும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அதை √2 என்றே எழுதி வைக்கிறோம். 1.414 என்பது தோராயம், √2 என்பது துல்லியம். விடையில் ரூட் மிச்சம் இருந்தால் கணக்கு முடியவில்லை என்று நினைக்க வேண்டாம். 5√2 முழுமையான விடைதான்.

மனப்பாடமாக வேண்டியவை

1 முதல் 15 வரையுள்ள எண்களின் வர்க்கங்கள்: 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144, 169, 196, 225. மனப்பாடத்தை நான் பொதுவாகப் பரிந்துரைப்பவன் அல்ல. ஆனால் இந்தப் பதினைந்து எண்களும் யோசிக்காமல் வர வேண்டும். 72ஐப் பார்த்தவுடன் "உள்ளே 36 இருக்கிறது" என்று கண்ணில் பட இது தவிர வேறு வழியில்லை.

சரிபார்ப்பதற்காக இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: √2 ≈ 1.414, √3 ≈ 1.732, √5 ≈ 2.236.

சுருக்குவது எப்படி

எல்லாம் ஒரே ஒரு விதியில் நிற்கிறது. க, ப என்ற இரண்டும் எதிர்மறை அல்லாத எண்கள் என்றால்,

√(க × ப) = √க × √ப

(உங்கள் புத்தகத்தில் வேறு எழுத்துகள் இருக்கலாம். எழுத்து எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.) இது ஏன் உண்மை? வலப்பக்கத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள். √கவும் √பயும் இரண்டிரண்டு முறை வரும். √க × √க = க, √ப × √ப = ப. ஆக மொத்தம் க × ப. வர்க்கம் செய்தால் க × ப தரும் எதிர்மறை அல்லாத எண் எதுவோ அதுதான் √(க × ப). இரண்டு பக்கமும் ஒன்றே.

இப்போது √72. 72க்குள் ஒளிந்திருக்கும் மிகப் பெரிய முழு வர்க்க எண்ணைத் தேடுகிறோம். 72 = 36 × 2. ஆகவே

√72 = √36 × √2 = 6√2

36 கண்ணில் படவில்லை, 4தான் பட்டது என்று வைத்துக்கொள்வோம். 72 = 4 × 18. எனவே 2√18. பரவாயில்லை, தவறில்லை. ஆனால் இங்கே நின்றுவிடக்கூடாது. 18க்குள் இன்னும் 9 இருக்கிறது. √18 = 3√2. ஆக 2 × 3√2 = 6√2. சுற்றி வந்தாலும் அதே ஊர்தான். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணில் 1ஐத் தவிர வேறு முழு வர்க்கக் காரணியே இல்லை என்ற நிலை வரும்வரை போக வேண்டும். அதுதான் எளிய வடிவம்.

பெரிய எண் வந்தால் எங்கே தொடங்குவது? 4, 9, 25, 49 என்று பகா எண்களின் வர்க்கங்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 16, 36, 100 எல்லாம் இவற்றுக்குள் அடங்கிவிடும். முதல் மூன்றையும் வகுக்காமலே கண்டுபிடிக்கலாம். கடைசி இரண்டு இலக்கங்கள் 4ஆல் வகுபட்டால் எண்ணும் 4ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டி வருவது 9ஆல் வகுபட்டால் எண்ணும் 9ஆல் வகுபடும். கடைசியில் 00, 25, 50, 75 இருந்தால் 25ஆல் வகுபடும்.

√1575ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 75. எனவே 25 உள்ளே இருக்கிறது: 1575 = 25 × 63. 63 என்பது 9 × 7. வெளியே 5உம் 3உம் வரும், உள்ளே 7 மட்டும் நிற்கும். விடை 15√7.

இதுவும் பிடிபடவில்லை என்றால், எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்து ஜோடி சேருங்கள். 1575 = 3 × 3 × 5 × 5 × 7. ஒரு ஜோடி 3, ஒரு ஜோடி 5. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு எண்தான் வெளியே வரும். ஜோடி கிடைக்காத 7 உள்ளேயே இருக்கும். மெதுவான வழிதான், ஆனால் ஒருபோதும் கைவிடாது.

விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சறுக்கல்: 3√18 என்பதை 6√2 என்று எழுதுவது. √18இலிருந்து 3 வெளியே வருகிறது, ஏற்கெனவே வெளியே ஒரு 3 நிற்கிறது. வெளியே வந்தது அதைப் பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது. 3 × 3√2 = 9√2. வெளியே நிற்கும் எண்ணுக்கும் ரூட்டுக்கும் நடுவில் ஒரு பெருக்கல் குறி மறைந்திருக்கிறது என்பதை மறந்தால்தான் இது நடக்கும். தொடக்கத்தில் கொஞ்ச நாள் அந்தப் பெருக்கல் குறியை எழுதியே போடுங்கள்.

கூட்டல்

முதலில் எளிதானது. 3√2 + 5√2. இரண்டிலும் √2 பொது. அதை வெளியே எடுத்தால் (3 + 5)√2, அதாவது 8√2. இயற்கணிதத்தில் 3க + 5க = 8க என்று போட்ட அதே பங்கீட்டுப் பண்புதான் இங்கேயும். ரூட்டுக்குள் இருப்பது மாறாது, வெளியே நிற்கும் கெழுக்கள் மட்டும் கூடும். 8√4 என்று உள்ளே உள்ளதையும் கூட்டிவிடாதீர்கள்.

அப்படியானால் √12 + √27? பார்வைக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் பார்வையை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வரும் ஒரே விஷயம். கூட்ட முடியுமா என்று முதலில் கேட்காதீர்கள். முதலில் சுருக்குங்கள்.

√12 = √4 × √3 = 2√3
√27 = √9 × √3 = 3√3

இப்போது இரண்டும் ஒத்த முறுடுகள், அதாவது ரூட்டுக்குள் ஒரே எண் உள்ளவை. கூட்டினால் 5√3. தசமத்தில் சரிபார்ப்போம்: 3.464 + 5.196 = 8.660. 5 × 1.732 = 8.660. பொருந்துகிறது. √39 என்று எழுதியவருக்கு 6.245தான் கிடைத்திருக்கும். இரண்டும் பக்கத்தில்கூட இல்லை.

கொஞ்சம் நீளமான ஒன்று: 2√50 − 3√18 + √32 − √12. ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகச் சுருக்குங்கள், குறியைக் கூடவே கொண்டு வாருங்கள்.

2√50 = 2 × 5√2 = 10√2
3√18 = 3 × 3√2 = 9√2
√32 = 4√2
√12 = 2√3

ஆகவே 10√2 − 9√2 + 4√2 − 2√3 = 5√2 − 2√3.

இதற்கு மேல் போகாது. √2உம் √3உம் எளிய வடிவத்தில் இருக்கின்றன, உள்ளே வேறு வேறு எண்கள். இதை 3√1 என்றோ 3 என்றோ இழுத்து முடித்துவைக்க வேண்டாம். இரண்டு உறுப்புகளோடு விடை நிற்பது குறையே அல்ல.

ஏன் உள்ளே கூட்டக்கூடாது: கட்டத் தாளில் பாருங்கள்

√9 + √16 = 3 + 4 = 7. √(9 + 16) = √25 = 5. இந்த ஒரு எடுத்துக்காட்டே அந்தத் தவறான விதியைச் சாய்த்துவிடும். ஆனால் எண்ணைப் பார்த்து ஒத்துக்கொள்வது வேறு, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு.

கட்டத் தாளில் கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளியில் பென்சிலை வையுங்கள். வலப்பக்கம் 2 கட்டம், மேலே 2 கட்டம் தள்ளியுள்ள புள்ளிக்கு நேர்கோடு இழுங்கள். பிதாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் √(4 + 4) = √8. அங்கிருந்து பென்சிலை எடுக்காமல் அதே திசையில் இன்னும் 3 கட்டம் வலம், 3 கட்டம் மேலே போங்கள். இந்தத் துண்டின் நீளம் √(9 + 9) = √18. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் மொத்த நீளம் √8 + √18. இப்போது தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் பாருங்கள். 5 கட்டம் வலம், 5 கட்டம் மேலே. அதன் நீளம் √50.

அதாவது √8 + √18 = √50. சுருக்கிப் பார்த்தாலும் 2√2 + 3√2 = 5√2. ஒரு கட்டத்தின் மூலைவிட்டம் √2. முதல் துண்டில் அப்படி இரண்டு, அடுத்த துண்டில் மூன்று, மொத்தம் ஐந்து. கெழு என்பது வேறொன்றும் இல்லை, இந்த எண்ணிக்கைதான்.

உள்ளே கூட்டியிருந்தால் √26 வந்திருக்கும். அதையும் வரையலாம்: 26 = 25 + 1. எனவே 5 கட்டம் வலம், 1 கட்டம் மேலே போகும் கோடு. ஏறக்குறையப் படுத்திருக்கும் அந்தக் கோட்டையும் முன்னால் வரைந்த நீளக் கோட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கட்டம் ஒரு சென்டிமீட்டராக இருந்தால் முன்னது அளவுகோலில் 7 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், இது 5ஐத்தான் சற்றே தாண்டும். இதை ஒருமுறை கையால் வரைந்து பார்த்தவர் மறுபடி உள்ளே கூட்டுவது அபூர்வம்.

பாஸ்கரரின் வழி

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் இயற்கணித நூலில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இப்படிப்பட்ட மூலங்களைக் கரணி என்பார்கள். அவர் தரும் கணக்கு: 2, 8 ஆகிய கரணிகளின் கூடுதலும் வித்தியாசமும் என்ன? 3, 27க்கு என்ன? 3, 7க்கு என்ன? நம் குறியீட்டில் சொன்னால் √8 + √2, √27 + √3, √7 + √3.

அவருடைய முறை சுருக்குவதை அடிப்படையாகக் கொண்டதல்ல. உள்ளே உள்ள இரண்டு எண்களையும் கூட்டு. அவற்றின் பெருக்கற்பலனுக்கு மூலம் கண்டு இரட்டிப்பாக்கு. இதை முன்னதோடு கூட்டினால் கூடுதலின் கரணி, கழித்தால் வித்தியாசத்தின் கரணி. போட்டுப் பார்ப்போம்: 8 + 2 = 10. 8 × 2 = 16, மூலம் 4, இரட்டிப்பு 8. 10 + 8 = 18, 10 − 8 = 2. ஆகவே √8 + √2 = √18, √8 − √2 = √2. நம் வழியிலும் 2√2 + √2 = 3√2 = √18. சரியாக வருகிறது.

எங்கிருந்து வந்தது இந்த விதி? (√க + √ப)² என்பதை விரித்தால் க + ப + 2√(க × ப). அவ்வளவுதான். உள்ளே கூட்டிவிடும் மாணவர் தொலைப்பது இந்த மூன்றாவது உறுப்பை. க, ப இரண்டில் ஒன்றுகூடப் பூச்சியமாக இல்லாதவரை அந்த உறுப்பு இருந்தே தீரும். அதனால் √க + √ப எப்போதும் √(க + ப)ஐ விடப் பெரியதாகவே இருக்கும்.

மூன்றாவது கணக்கில்தான் ருசி. 7 × 3 = 21, அது முழு வர்க்கம் இல்லை. 2√21 முழு எண்ணாக வராததால் முறை அங்கேயே நின்றுவிடுகிறது. அவற்றைத் தனித்தனியாகவே வைக்க வேண்டும் என்பதே பாஸ்கரர் தரும் விடை. நமக்கு இதிலிருந்து ஒரு கைவசச் சோதனை கிடைக்கிறது: உள்ளே உள்ள இரண்டு எண்களையும் பெருக்குங்கள். முழு வர்க்கம் வந்தால் இரண்டும் ஒத்த முறுடுகள், சேரும். வராவிட்டால் சேராது. 12 × 27 = 324 = 18². அதனால்தான் முதல் கணக்கு சேர்ந்தது.

எழுத்துகள் வந்தால்

√(18க³) + க√(8க). உள்ளே க³ இருக்கிறது, அது எதிர்மறையாக இருக்க முடியாது, எனவே இங்கே க ≥ 0. க³ = க² × க என்று உடைத்தால் முதல் உறுப்பு 3க√(2க). இரண்டாவது 2க√(2க). மொத்தம் 5க√(2க). எண்களுக்குச் செய்ததற்கு மேல் புதிதாக ஒன்றுமில்லை.

கவனம் வேண்டிய இடம் √(க²). இதை உடனே க என்று எழுதத் தோன்றும். க = −4 என்று போட்டுப் பாருங்கள்: √16 = 4, −4 அல்ல. எனவே √(க²) என்பது கவின் மட்டு மதிப்பு, |க|. க எதிர்மறை அல்ல என்று கணக்கிலேயே சொல்லியிருந்தால் மட்டும் க என்று எழுதலாம்.

அதேபோல √(க² + 9) என்பது க + 3 ஆகாது. பழைய தவறுதான், எழுத்தின் மறைவில் வருகிறது. √(4க² + 36) என்று இருந்தால் 4ஐப் பொதுவாக எடுத்து 2√(க² + 9) என்று சுருக்கலாம். உள்ளே கூட்டல் இருக்கும்போது, பொதுக் காரணியாக வெளியே எடுக்க முடிந்ததை மட்டும்தான் ரூட்டைத் தாண்டி அனுப்ப முடியும்.

பகுதியில் ரூட் இருந்தால்

√27 + 6/√3 − √75. நடுவில் உள்ள பின்னம் மற்றவற்றோடு சேராதது போலத் தெரிகிறது. தொகுதி, பகுதி இரண்டையும் √3ஆல் பெருக்குங்கள்: 6√3/3 = 2√3. இப்போது 3√3 + 2√3 − 5√3 = 0. மூன்று உறுப்புகளும் கரைந்து பூச்சியமாகிவிட்டன. சுருக்காமல் பார்த்தால் யாரால் ஊகிக்க முடியும்?

பகுதியில் √3 − √2 போல இரண்டு உறுப்புகள் இருந்தால், நடுக்குறியை மாற்றி √3 + √2ஆல் மேலும் கீழும் பெருக்குங்கள். கீழே 3 − 2 = 1 வரும். எனவே 1/(√3 − √2) = √3 + √2.

போட்டுப் பாருங்கள்

1) √45 + √80 − √20
2) 3√28 − √63 + √8
3) √48 + 9/√3
4) √(75க) − √(12க), க ≥ 0
5) √6 + √10 + √15

முதலாவது 3√5 + 4√5 − 2√5, அதாவது 5√5. இரண்டாவதில் 6√7 − 3√7 + 2√2, விடை 3√7 + 2√2. மூன்றாவதில் பின்னம் 3√3 ஆகும், மொத்தம் 7√3. நான்காவது 3√(3க). ஐந்தாவதில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் 60, 90, 150 என்றுதான் வருகிறது, ஒன்றும் முழு வர்க்கம் இல்லை. உள்ளே உள்ள எண்களிலும் வர்க்கக் காரணி கிடையாது. எனவே கேள்வியில் உள்ளபடியே √6 + √10 + √15 என்று எழுதினால் முழு மதிப்பெண்.